நேற்று குராசானிலிருந்து வந்த குதிரை: பழைய வாகன விளம்பரங்களும் குறை மறைத்தலின் வரலாறும்



அடி அண்ணாமலை, திருவண்ணாமலையின் கிரிவலப் பாதையில் அமைந்த ஊர். மலையைச் சுற்றி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளும் அப்பாதை பௌர்ணமி இரவுகளில் மனிதத் தலைகளால் நிறைந்திருக்கும். ஏனைய நாட்களில் சாலையோரம் நிற்கும் கார்களின் கண்ணாடியில் ‘விற்பனைக்கு’ என்ற தாள் ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். சென்ற மாதம் எங்கள் வீட்டுக் காரும் அந்த வரிசையில் சேர வேண்டியதாயிற்று.

விளம்பர வாசகத்தை என் மகன் எழுதிக் கொடுத்தான். 2013ஆம் ஆண்டு மாடல், விபத்தில் சிக்காதது, குடும்பப் பயன்பாட்டில் மட்டும் இருந்தது, இன்ஜினும் ஏசியும் நல்ல நிலையில் உள்ளன, நேரில் பார்த்துத் திருப்தியடைந்த பின் வாங்கலாம். இவ்வளவுதான் வாசகம். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

எனினும் என் கை அதை அனுப்ப மறுத்தது. காரணம் உண்டு. அந்தக் கார் 2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த பெருவெள்ளத்தில் இருக்கை மட்டம்வரை மூழ்கி நின்ற கார். 2017இல் நான் அதை வாங்கியபோது விற்றவர் அதைச் சொல்லவில்லை. அவருடைய விளம்பரமும் ‘விபத்தில் சிக்காதது’ என்றே கூறிற்று. முதல் மழைக்காலத்திலேயே மின்னிணைப்புகள் ஒவ்வொன்றாகப் பழுதாயின. மெக்கானிக் சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்து, அதில் படிந்திருந்த சேற்றுக் கோட்டைக் காட்டினார். ஏமாற்றப்பட்டவனின் கசப்பு எத்தகையது என்பதை அன்று அறிந்தேன்.

இப்போது விற்பவன் நான். மகன் கேட்டான்: “அத்தா, வெள்ளம் விபத்து இல்லையே? நமக்கு விற்றவர் சொன்னாரா? சொன்னால் யார் வாங்குவார்கள்?”

அவன் கேள்விக்கு உடனடியாக விடையளிக்க என்னால் இயலவில்லை. ஆனால் அக்கேள்வி புதிதன்று. கார் என்னும் பொருள் தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, குதிரையும் ஒட்டகமும் மாடும் விற்ற மனிதர்கள் அதைக் கேட்டிருக்கின்றனர். அவர்களுக்குக் கிடைத்த விடைகளின் வரலாற்றை நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நலம் என்று கருதியே இதை எழுதுகிறேன்.

சந்தையில் மாட்டின் பல்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவையொட்டி மாட்டுச் சந்தை கூடுவது நெடுநாள் வழக்கம். டிராக்டர் வருவதற்கு முன் உழவனின் பெருமுதலீடு அவனுடைய எருதுகளே. இன்று ஒரு நடுத்தரக் குடும்பம் பழைய கார் வாங்குவதில் எவ்வளவு தயங்குமோ, அதனினும் மிகுதியாக அன்றைய உழவன் தயங்கியிருப்பான். மாடு தவறிப்போனால் அந்தப் போகமே தவறிப்போகும்.

எனவே பார்க்கும் கலை வளர்ந்தது. மாட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணுவார்கள். இரண்டு பல், நான்கு பல், ஆறு பல், எட்டுப் பல் என வயது கணிக்கப்படும். இன்றைய காரின் கிலோமீட்டர் மானி செய்யும் வேலையை அன்று பல் செய்தது. தோலில் சுழி பார்ப்பார்கள்; நடக்கவிட்டுக் கால் பார்ப்பார்கள். தரகர் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். சுற்றி நிற்பவர் எவருக்கும் தொகை தெரியாது.

பார்க்கும் கலை வளர்ந்ததைப் போலவே மறைக்கும் கலையும் வளர்ந்தது. கொம்பைச் சீவி எண்ணெய் தடவினால் கிழமாடு இளமை காட்டும். உப்பு கலந்த தீவனமும் வயிறு நிறையத் தண்ணீரும் கொடுத்தால் மெலிந்த மாடு திரண்டு தோன்றும். கறவையை ஒரு நாள் கறக்காமல் விட்டால் மடி கனத்துத் தொங்கும். முட்டும் குணத்தையும், ஏரில் பூட்டினால் படுத்துவிடும் குணத்தையும் எந்தப் பல்லிலும் காண முடியாது. அவற்றை அறிந்தவர் விற்பவர் ஒருவரே. அவர் வாய் திறந்தால்தான் உண்டு.

கோளாறு இங்குதான் தொடங்குகிறது. பொருளோடு வாழ்ந்தவர் ஒருவர். அதைச் சில நிமிடம் பார்ப்பவர் மற்றொருவர். இருவருக்கும் இடையே உள்ள இந்த அறிவின் ஏற்றத்தாழ்வை எந்தக் கண்கூர்மையும் முழுமையாக நிரப்பாது.

வால் மட்டும் வந்த குதிரை

நம் முன்னோருக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு. அது முழுவதும் பெருமைக்குரிய பங்கு என்று சொல்வதற்கில்லை.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையில் அரபுக் குதிரைகள் பெருமளவில் வந்திறங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் அதை விரிவாகப் பதிவு செய்துள்ளார். பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவை ஆண்ட ஜமாலுத்தீன், ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டிருந்தார். அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய அரசில் அமைச்சராக விளங்கியவர். காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார். கடலில் இறந்துபோன குதிரைக்கும் அரசுக் கருவூலமே விலை கொடுக்க வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி.

பின்னர் விஜயநகரத்திலும் இது தொடர்ந்தது. சாளுவ நரசிம்மர் குதிரைகளை உயிரோடு வந்தாலும் இறந்து வந்தாலும் விலை கொடுத்து ஏற்றார் என்றும், கடலில் இறந்தவற்றின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாலே பணம் கிடைத்தது என்றும் 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துகீசியரான நூனிஸ் எழுதினார். அவர் எழுதிய காலத்தை ஒட்டித்தான் கிருஷ்ணதேவராயர் தொடங்கிய ராஜகோபுரம் திருவண்ணாமலையில் எழுந்தது. அப்பேரரசின் குதிரைப்படை அரபுக் கடலைக் கடந்து வந்த குதிரைகளை நம்பியிருந்தது.

செத்த குதிரைக்கும் விலை உறுதி என்றால், குதிரையின் நிலையைப் பற்றி விற்பவர் ஏன் கவலைப்பட வேண்டும்? காயலுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு குற்றச்சாட்டை எழுதி வைத்துள்ளார். இங்குள்ளோர்க்குக் குதிரையைப் பேணத் தெரியாததால் அவை விரைவில் மடிந்தன. குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வணிகர்கள் அழைத்து வருவதுமில்லை, வரவிடுவதுமில்லை. குதிரைகள் மடிந்தால்தானே மறு ஆண்டும் வணிகம் நடக்கும் என்பது அவர்கள் கணக்கு. இது ஓர் அயல்நாட்டுப் பயணியின் கூற்று; அவர் கேட்டறிந்தவற்றில் மிகையும் இருக்கலாம். எனினும் வணிகர்கள் முஸ்லிம்கள் என்பதற்காக நாம் அதைப் படிக்காமல் கடந்துவிடக் கூடாது. பொருள் வாங்குபவரின் கைக்கு வருமுன் அழிந்தால் இழப்பு விற்பவருடையது என்பதே ஃபிக்ஹின் பொது விதி. அரசரின் தேவை பெரிதாயிருந்தபோது அந்த விதி ஓரத்துக்குத் தள்ளப்பட்டது.

மதீனாவின் ஈரத் தானியம்

அந்த விதி எங்கிருந்து வந்தது என்று காண நாம் மதீனாவின் கடைத்தெருவுக்குச் செல்ல வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதனுள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று விற்பவரிடம் வினவினார்கள். மழை பட்டுவிட்டது என்றார் அவர். மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று அறிவித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வணிகர் பொய் சொன்னதாக அறிவிப்பில் இல்லை. கேட்டவுடன் மழை என்று உண்மையைச் சொன்னார். மழை பெய்ததும் அவர் குற்றமன்று. கேட்பதற்கு முன் கண்ணில் படும்படி வைக்காததே அவர்மீது வந்த கேள்வி. என் காரை நனைத்ததும் மழைநீர்தான் என்பது இந்த நபிமொழியைப் படிக்கும்போது என்னைச் சுட்டது.

கறவையின் மடியைக் கறக்காமல் கட்டிவைத்து விற்பதையும் நபியவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்து வாங்கியவர் கறந்து பார்த்த பின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இல்லையெனில், பருகிய பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம். இதில் எவரும் எதையும் வாயால் சொல்லவில்லை. கனத்த மடி தானாகவே பொய் சொல்கிறது. புதிய வண்ணம் பூசிய கதவும், பின்னோக்கிச் சுற்றப்பட்ட கிலோமீட்டர் மானியும் அந்த மடியின் வழித்தோன்றல்களே.

அதாஉ இப்னு காலித் (ரலி) அவர்களுக்காக நபியவர்கள் எழுதச் செய்த விற்பனைப் பத்திரம் ஒன்றையும் திர்மிதீ பதிவு செய்கிறார். அடிமை வணிகம் உலகெங்கும் வழக்கிலிருந்த காலத்துப் பத்திரம் அது. விற்கப்படுபவரிடம் நோயில்லை, வஞ்சகமில்லை, தீய வழியில் வந்ததுமில்லை என்ற உறுதிமொழி அதில் எழுத்தாக இடம்பெற்றது. நிலையை எழுதிக் கொடுத்தால் எழுதியவர் அதற்குப் பொறுப்பாளி என்னும் கருத்து அன்றே வேரூன்றிவிட்டது.

கூஃபாவின் தொழுவங்கள்

நம் காலத்து விளம்பரங்களுக்கு மிக நெருங்கிய செய்தி இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் தொகுப்பில், வணிகம் பற்றிய பகுதியில், ஒரு தலைப்பின் கீழ்க் குறிப்பாக உள்ளது.

கால்நடைத் தரகர்கள் சிலர் தம் தொழுவங்களுக்கு ‘குராசான்’ என்றும் ‘ஸிஜிஸ்தான்’ என்றும் பெயர் சூட்டியிருந்தனர். குராசானும் ஸிஜிஸ்தானும் கிழக்கே தொலைவில் இருந்த நாடுகள். பின்னர் அவர்கள் சந்தையில் நின்று, ‘இது நேற்று குராசானிலிருந்து வந்தது, இது இன்று ஸிஜிஸ்தானிலிருந்து வந்தது’ என்று கூவினர். சொல் உண்மை. அந்தப் பெயர் கொண்ட தொழுவத்திலிருந்துதான் அந்த விலங்கு வந்தது. கேட்பவரோ தொலைநாட்டுச் சரக்கு என்று நம்பி விலையை ஏற்றிக் கொடுப்பார். கூஃபாவின் அறிஞரான இப்ராஹீம் நகயீ (ரஹ்) அவர்களிடம் இது பற்றிக் கேட்கப்பட்டபோது அவர்கள் இதைக் கடுமையாக வெறுத்தார்கள். அவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 96ஐ ஒட்டிய காலம். ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முந்தைய விளம்பரத் தந்திரம் இது.

இன்றைய வாசகங்களை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ‘கம்பெனி சர்வீஸ் செய்யப்பட்டது’ என்பார்கள். முதல் மூன்று இலவச சர்வீஸ் மட்டும் அங்கே நடந்திருக்கும். ‘டாக்டர் ஓட்டிய வண்டி’ என்பார்கள். டாக்டரிடமிருந்து டிராவல்ஸுக்குப் போய் நான்காண்டு ஓடியது சொல்லப்படாது. ‘புதிய டயர்’ என்பார்கள். முன்னிரண்டு மட்டும் புதியவை. ‘சின்னச் சின்னக் கீறல்கள் உண்டு’ என்று அடக்கமாக ஒப்புக்கொள்வார்கள். அந்த அடக்கமே பெரிய பழுதை மறைக்கும் திரையாகும். சொற்கள் மெய், அவை கேட்பவர் மனத்தில் எழுப்பும் படம் பொய். ‘விபத்தில் சிக்காதது’ என்ற எங்கள் வாசகமும் குராசான் தொழுவத்தில் கட்டப்பட்ட குதிரைதான்.

அதே கூஃபாவில் துணி வணிகம் செய்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களைப் பற்றிய செய்தியும் நம் இல்லங்களில் அறியப்பட்டதே. குறையுள்ள துணியைத் தம் பங்காளியிடம் கொடுத்து, குறையைச் சொல்லி விற்குமாறு பணித்தார்கள். பங்காளி மறந்துபோய் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாமவர்கள் அந்தப் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள். மறதியால் நேர்ந்த மௌனத்தின் வருவாயையும் அவர்கள் தம் வீட்டுக்குள் அனுமதிக்கவில்லை.

‘உள்ளது உள்ளபடி’ என்னும் கவசம்

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். ‘நேரில் பார்த்து வாங்குங்கள், பிறகு எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் கடமை முடிந்துவிடாதா?

இதுவும் முன்பே வழக்காக வந்தது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா அதைத் தருகிறது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) தம் அடிமை ஒருவரை, குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையுடன் 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். வாங்கியவர், சொல்லப்படாத நோய் இருக்கிறது என்று முறையிட்டார். வழக்கு கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் சென்றது. விற்ற வேளையில் அந்த நோய் தமக்குத் தெரியாது என்று இப்னு உமர் (ரலி) சத்தியம் செய்ய வேண்டும் எனத் தீர்ப்பாயிற்று. அவர்கள் சத்தியம் செய்ய மறுத்து, விற்றவரைத் திரும்ப ஏற்றுக்கொண்டார்கள். பின்னர் நோய் குணமாகி, 1,500 திர்ஹத்துக்கு விற்றார்கள்.

இத்தீர்ப்பைச் சுற்றி மத்ஹபுகள் வேறுபட்டன. தமிழகத்தில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும், உள்நாட்டில் பெரும்பாலும் ஹனஃபீ மத்ஹபும் பின்பற்றப்படுகின்றன என்பதால் இரண்டையும் சுருக்கமாகக் காண்போம். ‘பொறுப்பில்லை’ என்ற நிபந்தனையை ஹனஃபீ சட்டம் ஏற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் உதுமானியப் பேரரசு தொகுத்த மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பும் அதையே விதித்தது. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து வேறு: விற்பவருக்கே தெரியாத, விலங்கின் உள்ளே மறைந்த குறைக்கு மட்டுமே அந்த நிபந்தனை காப்பாகும். விலங்கு உயிருள்ளது, அதன் உடலுக்குள் நடப்பதை உரிமையாளரும் அறியாதிருக்கலாம் என்பது அதன் நியாயம்.

ஆனால் இரு மத்ஹபுகளும் ஒன்றில் இணைகின்றன. தெரிந்த குறையைச் சொல்லாமல் விற்பது பாவம். நிபந்தனை வழக்கிலிருந்து காக்கலாம். மறைத்த பாவத்திலிருந்து காக்காது.

1872இன் குதிரையும் மகளும்

நம் நாட்டின் பொதுச் சட்டம் வேறொரு வழியில் வந்தது. 1603இல் லண்டனில் ஒருவர், விஷமுறிவு மருந்தெனக் கருதப்பட்ட ‘பெஸோவர்’ கல்லை ஒரு பொற்கொல்லரிடம் 100 பவுனுக்கு வாங்கினார். அது அந்தக் கல்லே அன்று. விற்றவர் அதை உறுதிமொழியாகத் தரவில்லை, வெறுமனே சொன்னார் என்று கூறி நீதிமன்றம் அவரை விடுவித்தது. வாங்குபவனே விழித்திரு என்னும் கோட்பாடு இவ்வாறு வலுப்பெற்றது. ஆங்கிலேயர் ஆட்சியில் அது இங்கும் வந்து சேர்ந்தது.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 17ஆம் பிரிவு மோசடியை விளக்குகிறது. விளக்குவதற்கு எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு குதிரை. நோயுள்ள குதிரை என்று தெரிந்தும் ஒருவர் அதை ஏலத்தில் விற்கிறார்; நோயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இது மோசடியாகாது என்கிறது சட்டம். அடுத்த உதாரணம்: வாங்குபவர் விற்பவரின் மகள், அப்போதுதான் பருவ வயதை எட்டியவள். அப்போது சொல்ல வேண்டிய கடமை தந்தைக்கு உண்டு. மூன்றாவது: ‘நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருப்பதாகக் கொள்வேன்’ என்று வாங்குபவர் கூறி, விற்பவர் மௌனம் காத்தால், அந்த மௌனமும் பேச்சுக்கு நிகராகும்.

இந்த மூன்று உதாரணங்களையும் நான் பலமுறை படித்தேன். அந்நியனிடம் மௌனம் குற்றமில்லை, மகளிடம் குற்றம். அப்படியானால் வாங்க வருபவர் நமக்கு யார் என்பதே கேள்வி. உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கும், இப்னு மாஜாவில் உள்ள நபிமொழி அதற்கு விடை தருகிறது. முஸ்லிம் முஸ்லிமுக்குச் சகோதரர். குறையுள்ளதை அதைச் சொல்லாமல் சகோதரருக்கு விற்பது ஆகுமானதன்று. சட்டம் மகளுக்குக் கொடுத்த இடத்தை மார்க்கம் சந்தையில் எதிரே நிற்பவருக்குக் கொடுத்துவிட்டது.

அந்தச் சகோதரர் முஸ்லிமாக இருந்தால் மட்டும்தானா என்று எவரேனும் கேட்கக் கூடும். ஈரத் தானியம் பற்றிய நபிமொழி, ஏமாற்றப்படுபவர் யார் என்று பிரித்துப் பேசவில்லை. ஏமாற்றுபவரை மட்டுமே பேசிற்று. அடி அண்ணாமலையில் எங்கள் காரைப் பார்க்க வருபவர் பெரும்பாலும் கோயிலுக்குச் செல்பவராகவே இருப்பார். அவர் நம் பெயரைக் கேட்டு, தொப்பியையும் தாடியையும் பார்த்து நம்மை மதிப்பிடுவார். அவரிடம் மறைத்துவிட்டு வேறெங்கே மார்க்கத்தைக் காட்டப் போகிறோம்?

நல்ல வண்டி சந்தையை விட்டுப் போகும் விதம்

மறைப்பதால் பாதிக்கப்படுபவர் வாங்குபவர் மட்டுமல்லர். இதை 1970இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் ஒரு கட்டுரையில் நிறுவினார். அவர் எடுத்துக்கொண்டது பழைய கார்ச் சந்தையையே.

அவருடைய வாதம் எளியது. நல்ல காரையும் கெட்ட காரையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியவில்லை என்றால், அவர் இரண்டுக்கும் நடுவான ஒரு விலையையே கொடுக்க முன்வருவார். அந்த விலை கெட்ட காருக்கு அதிகம். நல்ல காருக்குக் குறைவு. எனவே நல்ல கார் வைத்திருப்பவர் விற்காமல் விலகுவார். சந்தையில் கெட்ட கார்களின் விகிதம் கூடும். வாங்குபவர் மேலும் விலையைக் குறைப்பார். கடைசியில் சந்தையே சிதையக் கூடும். பல இதழ்கள் முதலில் ஏற்க மறுத்த அக்கட்டுரையின் கருத்துக்காக அவர் 2001இல் மற்ற இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அகர்லாஃப் 1960களின் இறுதியில் இந்தியாவில் தங்கியிருந்தவர். அரிசியில் அதே நிறத்துக் கல்லைக் கலந்து விற்பதால் இந்தியப் பெண்கள் முறத்தில் வைத்துப் பொறுக்க வேண்டியிருப்பதையும் அக்கட்டுரையில் அவர் குறிப்பிட்டார். ஆரணி அரிசிக்குப் பெயர்போன மாவட்டத்தில் வாழும் நமக்கு அந்த முறம் புதிதன்று. ஒருவர் கலந்த கல்லை ஊரார் அனைவரும் பொறுக்க வேண்டியிருக்கிறது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவ்வணிகத்தில் பரக்கத் உண்டாகும், மறைத்தால் அது அழிக்கப்படும் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் நபிமொழியை நாம் ஆன்மிக எச்சரிக்கையாக மட்டும் படித்து வந்தோம். அது சந்தையின் இயல்பைப் பற்றிய உண்மையும் ஆகும்.

இன்றைய சட்டம் நிற்கும் இடம்

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், வருணனையைச் சொல்லி விற்றால் பொருள் அதற்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. ஆனால் தரம் பற்றிய உள்ளார்ந்த உறுதியை அது அத்தகைய பொருளை வணிகமாக விற்பவர்மீதே சுமத்துகிறது. 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில், திசைதிருப்பும் விளம்பரத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க இடமுண்டு. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அவ்வாறான விளம்பரமே என்று அது வரையறுப்பது கவனிக்கத்தக்கது. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன வணிகர்கள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது.

எனவே வாங்குபவர் தம் பங்கைச் செய்ய வேண்டும். பதிவு எண்ணைக் கொண்டு அரசின் வாகன் தளத்தில் எத்தனையாவது உரிமையாளர், கடன் நிலுவை உண்டா, காப்பீடு உள்ளதா என்று பார்க்கலாம். சர்வீஸ் பதிவேட்டில் உள்ள கிலோமீட்டரை மானியோடு ஒப்பிடலாம். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்தும், இருக்கையின் அடியில் துருவையும் தரைவிரிப்பின் கீழ் ஈர வாடையையும் தேடியும் வெள்ளத்தின் தடத்தை அறியலாம். நம்பகமான மெக்கானிக் ஒருவரை உடனழைத்துச் செல்வது எல்லாவற்றிலும் மேல்.

ஆயினும் ஒரு வீட்டார் மற்றொரு வீட்டாருக்கு விற்கும் கார்மீது இச்சட்டங்களின் பிடி தளர்வானதே. அங்கே விற்பவரைக் கேள்வி கேட்க அவருடைய ஈமான் மட்டுமே இருக்கிறது.

நாங்கள் எழுதிய விளம்பரம்

இவற்றையெல்லாம் மகனிடம் பேசிய இரவில் அவன் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “நமக்கு விற்றவர் செய்ததை நாமும் செய்தால், அவரைப் பற்றி இத்தனை ஆண்டு நாம் பேசியதற்கு என்ன அர்த்தம், அத்தா?” என்றான். கைப்பேசியை எடுத்து அவனே ஒரு வரியைச் சேர்த்தான்: ‘2015 வெள்ளத்தில் மூழ்கிய வண்டி, மின்னிணைப்புகள் மாற்றப்பட்டுள்ளன, ரசீதுகள் உள்ளன, மழைக்காலத்தில் பின்கதவுக் கண்ணாடி சில வேளை இயங்காது.’

முதல் வாரம் அழைத்தவர்கள் அந்த வரியைப் படித்ததும் விலகினர். இருவர் நேரில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினர். மூன்றாவதாக வந்தவர் செங்கம் பக்கத்து விவசாயி. ரசீதுகளைப் பார்த்தார், கண்ணாடிப் பொத்தானைத் தாமே அழுத்திப் பார்த்தார். நாங்கள் எண்ணியதைவிட 35,000 ரூபாய் குறைத்துக் கேட்டார். கொடுத்துவிட்டோம். அந்தத் தொகை எங்கள் வீட்டுக்குச் சிறிதன்று. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. உண்மை சொன்னதற்கு உடனே வெகுமதி கிடைத்தது என்று எழுத எனக்கு விருப்பம்தான், அது நடக்கவில்லை.

ஆனால் மழை பெய்யும் இரவுகளில், எங்கோ ஒரு சாலையில் அந்த வண்டி நின்று ஒரு குடும்பம் நம்மைச் சபிக்குமோ என்ற அச்சம் எனக்கில்லை. பின்கதவுக் கண்ணாடி நின்றுபோனால் அவருக்கு அது ஏன் என்று தெரியும்.

நம் வணிகங்களிலும் நம் பிள்ளைகளின் வணிகங்களிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. நனைந்ததை மேலே வைக்கும் துணிவை நமக்கு அருள்வானாக. ஆமீன்.